கறுப்புத் திரையில் ‘தமிழ்’

நான் நிரலாக்கம் படிக்கத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆகின்றன. படங்களோ பொத்தான்களோ இல்லாத கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வதுதான் முதல் பாடம். சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் காத்திருந்தபோது, விளையாட்டாக ‘தமிழ்’ என்று தட்டி, எழுத்துகளை எண்ணும் கட்டளையைக் கொடுத்தேன். மூன்று வரும் என்று நினைத்தேன். கணினியோ ஐந்து என்றது.

கணினி தவறவில்லை. ‘மி’யில் மகரமும் இகரக் குறியும், ‘ழ்’இல் ழகரமும் புள்ளியும் தனித்தனி எண்களாகப் பதிவாகின்றன. அந்த எண்களின் கதையைத் தேடியபோதுதான் நா. கோவிந்தசாமியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

1946ல் பிறந்த அவர், நம் நாட்டுச் சிறுகதை எழுத்தாளர். தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர். 1994ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார். ஆனால் என்னைக் கவர்ந்தது அவரது கணினிப் பணி.

அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தமிழுக்குத் தன் விருப்பப்படி எண்களைக் கொடுத்தது. ஒருவர் அனுப்பிய கடிதம், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. இச்சூழலில் அவர் ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த அந்தத் தளத்தில் தமிழும் இடம்பெற, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் அவர் உழைத்திருந்தார்.

ஒருவர் மட்டும் எண் கொடுத்தால் போதாது. எல்லாரும் அதை ஏற்க வேண்டும். அதற்காக 1997 மே மாதம் பல நாட்டு வல்லுநர்களை இங்கு அழைத்து, ‘தமிழ்நெட்97’ மாநாட்டை நடத்தினார். பொது விசைப்பலகை, பொதுக் குறியீடு பற்றிய அந்தப் பேச்சு 1999 பிப்ரவரியில் சென்னையில் தொடர்ந்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தரப்படுத்தியது. ஆனால், மே மாதமே அவர் காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 53.

இன்று யூனிகோட் முறையில் எந்தக் கைப்பேசிக்கும் தமிழில் செய்தி அனுப்புகிறேன், எழுத்து சிதைவதில்லை. அது தானாக வந்தது என்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

நீங்களும் அந்தக் கட்டளையை முயன்று பாருங்கள். வரி முடிவையும் கணினி சேர்த்துக்கொண்டால் ஆறு என்று காட்டும். ஏன் என்று தேடுங்கள். நான் அப்படித்தான் கற்கத் தொடங்கினேன்.