கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த வித்தியானந்தன்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிறது கொக்கிளாய். 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். வலையும் வள்ளமும் போனதைக் கணக்கிடலாம். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை எந்த இழப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது?

அப்படி அழியக்கூடியதைத் தேடிச் சேர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான் என்று நினைத்த ஒருவர், அந்த ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

1924 மே 8இல் பிறந்த அவர், விபுலாநந்தரிடமும் கணபதிப்பிள்ளையிடமும் தமிழ் படித்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தோடு நின்றிருந்தாலும் அவருக்குப் பெயர் இருந்திருக்கும். 1954இல் வந்த 'தமிழர் சால்பு' ஒன்றே போதும்.

ஆனால் 1956இல் பேராதனையின் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றினார். கிராமத்து நாடகத்திலிருந்து சிங்களவருக்கு ஒரு தேசிய அரங்கு கிடைத்தது. அதே வளாகத்தில் இருந்த வித்தியானந்தனுக்குத் தமிழரிடமும் அது இருப்பது தெரிந்தது. கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போனார். அண்ணாவிமாரைத் தேடி, ஏடுகளில் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். நாட்டுப் பாடல்களையும் தொகுத்தார். 1962இல் பேராதனை மாணவர்கள் 'கர்ணன் போர்' ஆடினார்கள். பின் நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை. படிக்காதவர்களின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டதைப் பட்டப்படிப்பு மாணவர்கள் சலங்கை கட்டி ஆடியது அந்நாளில் சின்ன விசயமல்ல.

விடிய விடிய ஆடும் கூத்தைக் குறுக்கியதால் அதன் இயல்பு கெட்டது என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. என்றாலும் அவர் கை வைத்திராவிட்டால் இன்று அதைப் பற்றி வாதாட எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. இறுதி நாளில் உயிர்கள் பலியான துயரம் அவரை விட்டுப் போயிருக்காது. அவ்வாண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகத்துக்குக் கைலாசபதிக்குப் பின் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர். நூலக எரிப்பு, 83 ஜூலை, இந்திய இராணுவம் எல்லாம் அவருடைய காலத்தில்தான். அந்த நாட்களில் வகுப்புகளை மூடாமல் காப்பதே பெரும்பாடு. கூத்துக்கு எங்கே நேரம்? 1988இல் பதவி முடிந்தது. 1989 ஜனவரி 21இல் காலமானார்.

கொக்கிளாய் மக்கள் போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள், எல்லோருமல்ல. 2021 முதல் வவுனியாவிலும் ஒரு தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்பா அறிந்த முதியவர்களைத் தேடி அங்கிருந்து ஒரு மாணவர் குழு புறப்பட்டால், கொக்கிளாய் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான்.