தந்தி வேலையிலிருந்து தூரிகைக்கு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, இது சோறு போடுமா என்று கேட்காத வீடு குறைவு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியோடு போராடியவர்.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பச் சுமையால் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் சேர்ந்தார். பிறகு காப்புறுதி முகவரானார். 1936இல்தான் சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவரானார். அப்போது அவருக்கு வயது 25. அந்த வயதில் நம்மில் பலர், இனி என்ன படிப்பு என்று சோர்ந்துவிடுவோம்!

1941இல் அங்கேயே ஆசிரியர், 1957இல் முதல்வர். ஆனால் நன்றாக வரைந்த மாணவர்கள்கூடப் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்தது அவரை வருத்தியது. ஓவியத்தை வாங்க ஆளில்லை. கைவினைப் பொருளை வாங்க ஆளுண்டு. ஆகவே அவர்களைப் பாத்திக் துணி முதலியவற்றைச் செய்து விற்க வைத்தார். ஆம், நமக்குப் பழக்கமான அதே பாத்திக்தான். அந்தப் பணத்தில் 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் மணல் நிலம் வாங்கினார்கள். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். சில மணி நேரம் கைவினை, மீதி நேரம் சொந்த ஓவியம் என்று அங்கே வாழ்ந்தார்கள்.

பணிக்கர் 1977இல் மறைந்தார். அந்தக் கிராமத்தில் இன்றும் ஓவியர்கள் வரைகிறார்கள்.