ரவிவர்மாவுக்கு ஆயில் பெயின்ட் சொல்லிக்கொடுத்தது யார்?

ஹாஸ்டல் ரூமில் டேபிள் லேம்பைக் கிட்ட இழுத்து வச்சுக்கிட்டு, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மை வீரனுக்கு நீங்க பெயின்ட் அடிச்சுப் பார்த்திருக்கீங்களா? உங்க ஃப்ளோரில் போர்டு கேம் கூட்டம் ஒண்ணு இருந்தா நிச்சயம் பார்த்திருப்பீங்க. முதல் மினியேச்சர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பாழாகும். அக்ரிலிக் பெயின்டைத் தண்ணி கலக்காம அப்படியே அப்புவோம், மூக்கு எது வாய் எதுன்னு தெரியாமப் போயிடும். ஸ்டேஷனரி கடையில் வாங்கின பிரஷ் இரண்டாம் நாளே முடி விரிஞ்சு துடைப்பமாகிடும். அப்புறம் போனை எடுத்துத் தேடுவோம். பெயின்டை மெலிசாக்கி இரண்டு கோட் அடிக்கணும், பிரஷ்ஷின் உலோகப் பூண் வரைக்கும் பெயின்ட் ஏறவிடக் கூடாது, சோப்பு போட்டுக் கழுவி முனையைக் கூராக்கி வைக்கணும் என்று எல்லாப் பதிலும் அரை மணி நேரத்தில் வந்துடும்.

இதே மாதிரிக் கேள்விகளோட வருஷக்கணக்கில் அலைந்த ஒருத்தரை உங்களுக்கு நல்லாத் தெரியும். உங்க வீட்டுப் பூஜை அறையில், தாமரை மேல் நிற்கிற லட்சுமி படம் இருந்தால், அதன் மூலம் பெரும்பாலும் அவர் கையில்தான் போய் நிற்கும். ராஜா ரவிவர்மா.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29-ஆம் தேதி திருவிதாங்கூரில் உள்ள கிளிமானூரில் பிறந்தார். சின்ன வயசில் வீட்டுச் சுவரெல்லாம் கரித்துண்டால் மிருகங்களையும் ஆட்களையும் வரைந்து தள்ளினார். வேலைக்காரர்கள் புகார் சொன்னாங்க. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்த மாமா ராஜராஜவர்மா திட்டவில்லை. அவரே ஓவியம் வரையத் தெரிந்தவர். பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த தஞ்சாவூர் பாணியைச் சொல்லிக்கொடுத்தார். 1862-இல், 14 வயசில், அவரைத் திருவனந்தபுரம் அழைத்துக்கொண்டு போய் ஆயில்யம் திருநாள் மகாராஜா முன்னால் நிறுத்தினார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப்போனது. அரண்மனைக்குப் பக்கத்தில் மூடத்து மடம் என்ற வீட்டைத் தங்கக் கொடுத்தார்.

அதுவரை ரவிவர்மாவுக்குத் தெரிந்த நிறமெல்லாம் இலை, பூ, மரப்பட்டை, மண் இவற்றிலிருந்து எடுத்தவை. ஆயில் பெயின்ட் கிடைப்பதாகப் பத்திரிகை விளம்பரம் பார்த்து, முதல் ஆயில் பெயின்ட் பெட்டியை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார். ட்யூபில் அடைத்த பெயின்டே அப்போது புதுசு. 1841-இல்தான் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகர ட்யூபைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பன்றியின் சிறுநீர்ப்பையில் பெயின்டைக் கட்டி வைப்பாங்க. கெட்டுப்போகாமல் கடல் தாண்டி வருகிற ட்யூப் இல்லை என்றால், திருவனந்தபுரத்தில் இருந்த பையனுக்கு ஆயில் பெயின்ட் கிடைத்திருப்பது கஷ்டம்தான்.

சரி, பெட்டி வந்தாச்சு. எப்படி உபயோகிப்பது? இங்கேதான் சிக்கல். நீங்க அடிக்கிற அக்ரிலிக் தண்ணி ஆவியானதும் காய்ந்துவிடும். ஆயில் பெயின்ட் அப்படி இல்லை. நிறப்பொடியை ஆளி விதை எண்ணெயில் அரைத்தது அது. எண்ணெய் ஆவியாகாது. காற்றில் இருக்கிற ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவா இறுகும், அதற்கு நாள்கணக்கில் ஆகும். அந்த அவகாசத்தில்தான் கன்னத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் கோடு தெரியாமல் ஒன்றோடு ஒன்று இழைக்க முடியும். ஆனால் அடிக்கோட்டில் எண்ணெய் அதிகமாகவும் மேல் கோட்டில் குறைவாகவும் வைத்தால், மேலே சீக்கிரம் இறுகி, கீழே அசைந்துகொண்டே இருந்து, படம் வெடித்துவிடும். கெட்டியான பெயின்டைத் தள்ள விறைப்பான பன்றிமுடி பிரஷ் வேண்டும். கண் இமைக்கு மெல்லிய முடி வேண்டும். முடிந்த ஓவியத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த விஷயம் எதுவும் அதில் தெரியாது. பக்கத்தில் நின்று பார்க்கணும், இல்லைன்னா யாராவது சொல்லணும்.

திருவனந்தபுரத்தில் அது தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். ரவிவர்மா அவரிடம் போனார். பின்னாளில் போட்டிக்கு வருவான் என்று தெரிந்த பையனுக்கு நாயக்கர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். அவர் மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. அரண்மனை ஒன்று, ஆதரவு கொடுக்கிற மகாராஜா ஒருத்தர். கைத்தொழில் ரகசியம்தான் அவருக்குச் சோறு. பிளேஸ்மென்ட் சீசனில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென்டிரைவில் பூட்டி வைக்கிற சீனியருக்கும் இதே பயம்தான்.

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்ற சீடர் இருந்தார். குருவுக்குத் தெரியாமல் ராத்திரி நேரங்களில் அவர் மூடத்து மடத்துக்கு வந்து, தனக்குத் தெரிந்ததை ரவிவர்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாட்டியிருந்தால் போகப்போவது அவர் பிழைப்புதான், ரவிவர்மாவுடையது இல்லை.

1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவத்தை வரைய வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கத் தயாராக இல்லை. தான் வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் அரை மனசோடு சம்மதித்தார். ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ராத்திரியில் கேட்டதை வைத்துக்கொண்டு, பகலில் பார்த்ததைப் புரிந்துகொண்டார். மிச்சத்தைத் தானே பலமுறை செய்து பார்த்துக் கற்றார்.

ஐந்து வருஷம் கழித்து, 1873-இல், மெட்ராஸ் ஓவியக் கண்காட்சிக்குக் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்தை அனுப்பினார். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வருஷம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அப்புறம் அரசர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அழைத்தார்கள். பரோடா மகாராஜா சாயாஜிராவ் தன் அரண்மனைக்கு 14 புராண ஓவியங்கள் கேட்டார். தம்பி சி. ராஜராஜவர்மாவும் ஓவியர், அண்ணனோடு ஊர் ஊராகப் போனார், பல படங்களில் பின்னால் தெரிகிற மலையையும் ஆற்றையும் அவர்தான் வரைந்தார்.

படங்கள் அரண்மனைச் சுவரில் மாட்டிக்கிடந்தால் எத்தனை பேர் பார்ப்பாங்க? கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், ஓவியங்களை அச்சில் போடும் யோசனையை ரவிவர்மாவிடம் சொல்லியிருந்தார். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முறையின் பெயர் லித்தோகிராஃபி. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரமான இடம் விலக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு நூல் விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்தில் விழும்.

லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தது இப்படித்தான். அந்தக் காலத்தில் கோயில் வாசலோடு தடுத்து நிறுத்தப்பட்டவர்களும் தங்கள் சுவரில் ஒரு தெய்வத்தை மாட்ட முடிந்தது. ஆனால் அச்சகம் ரவிவர்மாவுக்குப் பணம் சேர்க்கவில்லை. பம்பாயில் பிளேக், கடன், நிர்வாகத் தலைவலி. லோனாவ்லா பக்கத்தில் மாலவ்லிக்கு அச்சகம் இடம் மாறியது. கடைசியில் அதைத் தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றார். 1905 ஜனவரியில் தம்பி இறந்துபோனார். சர்க்கரை நோயோடு மைசூர் அரண்மனைக்கான வேலைகளை முடித்துவிட்டு, 1906 அக்டோபர் 2-ஆம் தேதி கிளிமானூரில் ரவிவர்மா காலமானார். வயசு 58.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வாங்க. ஐ.வி. போனப்ப இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ பெயின்ட் ஷாப்பைக் கண்ணாடி வழியாப் பார்த்திருப்பீங்க. ரோபோ கை ஒரு கோட் அடிக்கும், ஓவனுக்குள் போகும், அடுத்த கோட். எந்தக் கோட் எவ்வளவு தடிமன் என்பது ஸ்க்ரீனில் எழுதியிருக்கும். ஆனால் ராயல் என்ஃபீல்டு புல்லட் டேங்கில் ஓடுகிற அந்த மெல்லிய தங்கக் கோட்டை மனுஷக் கைதான் பிரஷ் பிடித்துப் போட்டு வந்திருக்கிறது. அந்தக் கையின் அழுத்தத்தை எந்த மேனுவலிலும் எழுத முடியாது. பக்கத்தில் நின்று பார்த்து, தப்பாப் போட்டு, துடைத்து, மறுபடி போட்டால்தான் வரும்.

ரவிவர்மாவைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் மகாராஜாக்களையும் பதக்கங்களையும் சொல்வாங்க. ஆறுமுகம் பிள்ளை ஒரே ஒரு வரியில் வந்துட்டுப் போயிடுவார். அந்த ராத்திரிகள் இல்லை என்றால் மெட்ராஸிலிருந்து வந்த பெட்டி எவ்வளவு நாள் அப்படியே கிடந்திருக்குமோ!

அடுத்த வாரம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன், கண்ணும் மூக்கும் மூடிப்போன மினியேச்சரைக் கையில் வச்சுக்கிட்டு உங்க ரூம் கதவைத் தட்டலாம். வீடியோ லிங்க் அனுப்பி வைக்கிறது சுலபம்தான். அதை விடுங்க. டேபிள் லேம்பை அவன் பக்கம் திருப்பி, உங்க நல்ல பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுங்க. முனை கொஞ்சம் கெட்டால் கெடட்டும்.