திருமலை கிருஷ்ணமாசாரியார்

தீராத நோவின் கொடுமையைச் சைவ அன்பர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. திருநாவுக்கரசு நாயனாரை வருத்திய சூலையை நினைந்த அளவிலே அஃது எத்தகையதென்பது நம் நெஞ்சிற் படும். மூன்று திங்களுக்கு மேலும் நீங்காது நிற்பதனை நாட்பட்ட நோவென்பர் மருத்துவர். அதற்கு நாள்தோறும் மாத்திரை உண்போர் பலர். அம்மாத்திரையே நாளடைவில் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்குமோ என அஞ்சுவோரும் பலர். இவர்க்கு வேறு வழி உண்டோ என்னும் வினாவொடு சென்னையில் ஏறக்குறைய 37 ஆண்டு வாழ்ந்தவர் கிருஷ்ணமாசாரியார். அவர் வைணவ மரபினர்; ஆயினும், நோவுக்குச் சமய வேறுபாடு இல்லையாதலின், அவர் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், மைசூர் நாட்டுச் சித்திரதுர்க்கப் பகுதியில் முசுகுந்தபுரம் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். காசி முதலிய இடங்களில் வடமொழிச் சாத்திரங்களையும் ஆயுள்வேதத்தையும் பயின்றார். கயிலைமலைச் சாரலில் இராமமோகன பிரமசாரி என்பாரிடம் ஏழாண்டுக்கு மேல் யோகம் பயின்றதாக அவரே கூறியுள்ளார். பின்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933இல் மைசூர் அரண்மனையில் யோகசாலை அமைந்தது. 1934இல் ‘யோக மகரந்தம்’ வெளிவந்தது. அக்காலத்து அவர் கடுமையான ஆசிரியர். மாணவர் வலிய இளைஞர். பயிற்சியும் அவ்வாறே வலிதாயிருந்தது. பி. கே. எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அங்குப் பயின்றவரே.

1950இல் அச்சாலை மூடப்பட்டது. 1952இல், பக்கவாதத்தால் வருந்திய புகழ்பெற்ற சட்ட அறிஞர் ஒருவர் தமக்கு உதவுமாறு அழைக்கவே, ஆசாரியார் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகம் கற்பித்தார். அவர் வாழ்வின் சிறந்த பகுதி இதுவே என்பது எம் கருத்து. ஈண்டு அவரை நாடியோரிற் பலர் முதியோரும் நோயாளரும் ஆவர்; முதுகு வளையாதவரும், மூச்சு நீளாதவரும் உளர். மைசூர்ப் பயிற்சி இவர்க்குப் பொருந்துமோ? ஆசனத்திற்கு ஆளை வளைத்தலை விட்டு, ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றலானார். நாடி பார்ப்பார், வயது, தொழில், உணவு, உறக்கம் யாவும் கேட்பார், ஒருவர்க்கு வகுத்ததை மற்றொருவர்க்கு அப்படியே கொடார். மூச்சே அவருக்கு அளவுகோல். மூச்சுத் தடுமாறினால் அசைவு மிகையென்று அறிக. இடுப்பு நோவுடையார் மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல விடுந்தோறும் முழங்கால்களை மார்பை நோக்கிக் கொணர்வது இம்மரபில் வழங்கும் எளிய பயிற்சிகளுள் ஒன்று. மருந்தையே வெறுத்தவர் அவர் என்று எண்ணற்க. மூலிகையும் பத்தியமும் அவரும் கூறுவர்.

பொறியியல் கற்ற அவர்தம் மகனார் தேசிகாசாரியார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாசாரியார் யோக மந்திரம், மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் இம்முறையைக் கற்பித்து வருகின்றது. 2017இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் கழகம் ஒன்று, நாட்பட்ட இடுப்பு நோவிற்கு மருந்துக்கு முன்னரே உடற்பயிற்சி, யோகம் முதலியவற்றை முயலுமாறு அறிவுறுத்தியது. ஆயினும் ஆராய்ச்சிகளிற் கண்ட பயன் பெரிதன்று. சில திங்கள் முயன்றார்க்கு நோவு ஓரளவு தணியும், இயக்கம் ஓரளவு எளிதாகும், அவ்வளவே. கால் மரத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல் ஆகியவற்றோடு வரும் நோவிற்கு மருத்துவரையே விரைந்து நாடுக. உண்டுவரும் மருந்தைத் தாமே நிறுத்துதலும் தகாது.

ஆசாரியார் தம் 96ஆம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். அறுவைச் சிகிச்சையை ஏலாது, படுக்கையிற் கிடந்தபடியே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். இதனை யாவரும் பின்பற்றுக என யாம் கூறத் துணியோம்; அவ்வயதில் அம்முறிவைச் சீர்செய்யாது விடுதல் உயிர்க்கே இடராகும் என்பர் வல்லுநர். பிறர்க்குக் கூறியதைத் தம் உடம்பிலும் செய்து பார்த்தார் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. சென்னையிலேயே வாழ்ந்து, 1989ஆம் ஆண்டு பிப்பிரவரி 28ஆம் நாள், நூறாண்டு நிறைந்த பின் காலமானார்.