ஹியூகோ யுங்கர்ஸ்

ஹியூகோ யுங்கர்ஸ் (பெப்ரவரி 3, 1859 – பெப்ரவரி 3, 1935) செருமனியைச் சேர்ந்த பொறியியலாளரும் பேராசிரியரும் தொழிலதிபரும் ஆவார். முழுவதும் உலோகத்தால் ஆன வானூர்திகளை உருவாக்கியவர் என்றே உலகம் இவரைப் பெரிதும் அறியும். எனினும் அவ்வானூர்திகளுக்கு வேண்டிய பணத்தையும் தகட்டு வேலைத் திறனையும் தந்தது, தொட்டியில் தேக்காமல் குழாயில் பாயும் நீரையே உடனுக்குடன் சூடாக்கும் இவருடைய எரிவளி வெந்நீர்க் கருவியாகும்.

இளமையும் கல்வியும்

ரைன்லாந்துப் பகுதியின் ரைட் நகரில், நெசவாலை உரிமையாளர் ஒருவரின் ஏழு மகன்களுள் மூன்றாமவராகப் பிறந்தார். பெர்லின், கார்ல்ஸ்ரூ, ஆகன் ஆகிய நகரங்களில் பொறியியல் பயின்று 1883 இல் படிப்பை முடித்தார். பின்னர் மீண்டும் பெர்லின் சென்று அடோல்ஃப் ஸ்லாபி என்னும் பேராசிரியரிடம் மின்காந்தவியலும் வெப்ப இயக்கவியலும் கற்றார். ஸ்லாபியின் பரிந்துரையால் 1888 இல் டெஸ்ஸாவ் நகரின் எரிவளி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு எதிரெதிர் உந்துதண்டுகள் கொண்ட எரிவளிப் பொறியை உருவாக்குவதில் ஈடுபட்டார்.

வெந்நீர்க் கருவி

பொறி ஆய்வுக்கு எரிவளியின் வெப்ப மதிப்பைத் துல்லியமாக அறிய வேண்டியிருந்தது. இதற்காக 1892 இல் யுங்கர்ஸ் ஒரு கலோரிமானியை அமைத்தார். எரிவளியை எரித்து, அதன் வெப்பம் முழுவதையும் சீராக ஓடும் நீருக்கு மாற்றி, நீரின் அளவையும் வெப்பநிலை உயர்வையும் கொண்டு வெப்ப மதிப்பைக் கணக்கிடுவது இதன் முறை. 1893 இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் இக்கருவி தங்கப் பதக்கம் பெற்றது.

அளக்கும் கருவியிலிருந்து வெளிவந்தது வெந்நீர் என்பதை யுங்கர்ஸ் கவனித்தார். அதே அமைப்பைக் குளியலறைக்கு ஏற்ப மாற்றி 1894 இல் காப்புரிமை பெற்றார். 1895 இல் ராபர்ட் லுட்விக் என்பவருடன் இணைந்து டெஸ்ஸாவில் யுங்கர்ஸ் அண்டு கோ நிறுவனத்தைத் தொடங்கி, இக்கருவிகளைச் செய்து விற்றார். இவ்வகைக் கருவியில் முதல்வர் இவரல்லர். லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் 1868 இலேயே ஒன்றைச் செய்து, ஐசுலாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் வகையில் கீசர் என்று பெயரிட்டிருந்தார். ஆனால் அதில் புகைபோக்கி இல்லை. மூடிய குளியலறையில் எரிவளி எரியும்போது காபனோரொட்சைட்டு சேர்வது உயிருக்கே கேடாகும் என்பதால் அது ஆபத்தானதாக இருந்தது.

தமிழகத்தில் வழங்கிய செப்புப் பாய்லர் ஒரு தேக்கக் கருவி. நடுக்குழாயில் கரி இட்டு மூட்டினால் நீர் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். பாயும் நீரைச் சூடாக்குவதற்கோ மிகுந்த ஆற்றல் தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 20 பாகை உயர்த்த ஏறத்தாழ 8.4 கிலோவாட் வேண்டும். நம் வீடுகளில் உள்ள 3 கிலோவாட் மின் கீசரால் அதே உயர்வில் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்றே மேல் தர இயலும். அதனால்தான் உடனடி மின் கீசர்களிலும் ஒரு சிறு கலம் வைக்கப்படுகிறது. யுங்கர்ஸ் எரிவளியை நாடியதன் பொருத்தம் இக்கணக்கில் விளங்கும்.

வானூர்திகள்

1897 முதல் 1912 வரை ஆகன் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அங்கு உடன் பணியாற்றிய ஹான்ஸ் ரைஸ்னர் மூலம் ஐம்பது வயதில் வானூர்தியியலில் ஆர்வம் கொண்டார். மரமும் துணியுமே வானூர்திக்குரியவை என்று கருதப்பட்ட காலம் அது. வெந்நீர்க் கருவிகளுக்காக மெல்லிய தகட்டை வளைத்தும் பற்றவைத்தும் பழகிய தொழிலாளர் துணையுடன், எஃகுத் தகட்டால் ஆன ஜே 1 என்னும் வானூர்தியைச் செய்தார். அது டிசம்பர் 12, 1915 அன்று பறந்தது. 1919 சூனில் பறந்த எஃப் 13, உலகின் முதல் முழு உலோகப் பயணிகள் வானூர்தியாகும். நெளிதகட்டு உடல் கொண்ட இது 300க்கும் மேல் கட்டப்பட்டது.

1925 இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்ததற்கும் இவருடைய ஆதரவு ஒரு காரணமாயிற்று.

இறுதிக் காலம்

வானூர்தித் தொழில் ஓயாமல் பணத்தை விழுங்கியது. 1930களின் தொடக்கத்தில் நிகழ்ந்த பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனங்கள் கடனில் மூழ்கின. வானூர்தித் தொழிற்சாலையைக் காக்கும் பொருட்டு, நவம்பர் 1932 இல் யுங்கர்ஸ் அண்டு கோவை ராபர்ட் போஷ் நிறுவனத்துக்கு விற்றார். நிலையான வருவாய் தந்த தொழிலைக் கொடுத்து, தாம் பெரிதும் விரும்பியதைத் தக்கவைக்க முயன்றார் எனலாம்.

அம்முயற்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. சனவரி 1933 இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்தனர். நாட்டுத் துரோகக் குற்றச்சாட்டைக் காட்டி அச்சுறுத்தி, அவ்வாண்டு சூனில் காப்புரிமைகளையும் அக்டோபரில் பெரும்பான்மைப் பங்குகளையும் பறித்துக்கொண்டனர். டெஸ்ஸாவில் கால் வைக்கவும் தடை விதிக்கப்பட்டது. பவேரியாவில் காவலில் வைக்கப்பட்டிருந்த யுங்கர்ஸ், தம் 76ஆவது பிறந்தநாளன்று கௌட்டிங் என்னும் ஊரில் காலமானார். எஞ்சிய பங்குகளை 1935 இல் அவர் மனைவி தெரேசே அரசுக்கு விற்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசிய யு 87, யு 88 ஆகிய வானூர்திகள் இவர் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவை இவர் மறைந்த பின் பறக்கத் தொடங்கியவை. வெந்நீர்க் கருவிகளையோ, போஷ் நிறுவனம் பல பத்தாண்டுகள் யுங்கர்ஸ் என்ற பெயரிலேயே விற்று வந்தது.