சத்யஜித் ரே வேலையை விட்டது எப்போது? முதல் படம் ரிலீஸ் ஆன பிறகுதான்!

வேலையை விட்டுட்டு சினிமாவுக்குப் போறேன் என்று யாராவது சொன்னால், உடனே உதாரணமாக வந்து விழும் பெயர்களில் ஒன்று சத்யஜித் ரே. விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு 'பதேர் பாஞ்சாலி' எடுத்தவர் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. அந்தப் படத்தை எடுத்து முடிக்கும்வரை ரே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

சம்பளம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1921-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார் ரே இருவருமே வங்காளத்தில் பிரபலமான எழுத்தாளர்கள். குடும்பத்துக்குச் சொந்தமாக அச்சகம் இருந்தது. ரேவுக்கு இரண்டு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். சில வருடங்களில் அச்சகமும் கைவிட்டுப் போனது. மாமா வீட்டில் தங்கி, தையல் வேலை சொல்லிக்கொடுத்து மகனை வளர்த்தார் அம்மா சுப்ரபா.

பொருளாதாரப் பட்டம், சாந்திநிகேதனில் பாதியில் விட்ட ஓவியப் படிப்பு. அதன்பின் 1943 ஏப்ரலில் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் 80 ரூபாய். வெள்ளைக்கார ஊழியர்களுக்குச் சம்பளம் அதிகம் என்ற வருத்தமும், க்ளையன்ட் தொல்லையும் அப்போதே இருந்தது. ஆனாலும் ஆர்ட் டைரக்டர் வரை உயர்ந்தார்.

கம்பெனி செலவில் ஒரு சினிமாப் பள்ளி

சினிமா ஆசை ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே இருந்தது. 1947-ல் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். சிக்னெட் பிரஸ்ஸுக்காக, விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்கு ஓவியம் வரைந்தார். படமாக்கினால் இதைத்தான் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. 1950-ல் கம்பெனி அவரை லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பியது. சில மாதங்களில் அங்கே சுமார் 100 படம் பார்த்துத் தீர்த்துவிட்டார். அதில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' ஒன்று. ஸ்டுடியோ இல்லாமல், தொழில்முறை நடிகர்கள் இல்லாமலும் படம் எடுக்கலாம் என்ற தைரியம் அதில் வந்தது. திரும்பும் கப்பலிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

தயாரிப்பாளர்களிடம் அவர் கொண்டுபோனது காட்சிகளை வரைந்து வைத்த ஒரு நோட்டு. விளம்பர ஆபீஸ் பழக்கம்! பாட்டு இல்லை, ஸ்டார் இல்லை. யாரும் பணம் தரவில்லை.

அதனால் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கி, 1952 அக்டோபர் 27-ல் ஷூட்டிங்கைத் தொடங்கினார். ஆபீஸ் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமைதான் லொகேஷனுக்குப் போக முடியும். முதல் நாள் வெள்ளை வெளேரென்று பூத்திருந்த நாணல் காட்டில் எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதிக் காட்சிக்கு அடுத்த சீசன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21 தான். அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதே இல்லை.

மனைவி பிஜோயாவின் நகை அடகுக்குப் போனது. ரே சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள் விலைக்குப் போயின. கிட்டத்தட்ட ஒரு வருடம் படம் அப்படியே நின்றது. பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு 80 வயது. குழந்தைகளோ வளரும் வயதில் இருந்தார்கள். இதில் யாருக்கு என்ன ஆனாலும் படம் காலி.

கடைசியில் அம்மாவின் தெரிந்தவர் மூலமாக விஷயம் முதல்வர் பி.சி. ராய் வரை போய், மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. தலைப்பில் சாலை இருந்ததால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதினார்களாம்!

பிறகு?

1955 மே மாதம் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும், ஆகஸ்டில் கொல்கத்தாவிலும் படம் திரையிடப்பட்டது. 1956-ல் கான் விருது. இவ்வளவுக்கும் பிறகுதான் வேலையை விட்டார். கையோடு எடுத்த 'அபராஜிதோ' கொல்கத்தாவில் ஓடவில்லை. அடுத்த ஆண்டே வெனிஸில் அதற்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது என்பது வேறு விஷயம். விருது வீட்டு வாடகை கட்டாதே!

1961-ல் தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையை மறுபடி கொண்டுவந்தார். அதில் எழுதிய ஃபெலுடா துப்பறியும் கதைகள் புத்தகங்களாக விற்றுத் தீர்ந்தன. அந்த ராயல்டிதான் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்த வருமானம்.

விட்டுவந்த கார்ப்பரேட் உலகத்தை அவர் மறந்துவிடவும் இல்லை. 1971-ல் வந்த 'சீமாபத்தா' படத்தின் நாயகன், ஃபேன் தயாரிக்கும் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர். வெளிநாட்டு ஆர்டரில் பழுது இருப்பது கடைசி நேரத்தில் தெரிகிறது. அபராதத்திலிருந்து தப்பிக்க ஃபேக்டரியில் அவனே ஆள் வைத்துக் கலவரத்தைத் தூண்டுகிறான். காவலாளி ஒருவர் காயப்படுகிறார். அவனுக்கு டைரக்டர் பதவி கிடைக்கிறது. அன்று வீடு திரும்பினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி மாடியாக மூச்சு வாங்க ஏறுகிறான்.