தீவுத் துறவி கத்பர்ட்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்னும் சிறு தீவு உள்ளது. நாள்தோறும் இருமுறை கடல் பொங்கி, அத்தீவுக்குச் செல்லும் பாதையை மூடிவிடும். நீர் வற்றும் நேரம் அறிந்தே மக்கள் அங்குச் செல்வர். தீவில், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவாலயம் ஒன்று கூரையின்றிச் சிதைந்து நிற்கிறது. வானவில்போல் வளைந்த அதன் கல்வளைவு மட்டும் இன்றும் விழாமல் இருக்கிறது. கத்பர்ட் என்னும் துறவியின் நினைவைப் போற்றி எழுப்பப்பட்ட ஆலயம் அது.

கத்பர்ட் ஏறத்தாழ 634ஆம் ஆண்டில், நார்தம்பிரியா நாட்டில் பிறந்தார். மறு ஆண்டு, அயோனாத் தீவிலிருந்து வந்த எய்டன் என்பவர் லிண்டிஸ்ஃபார்னில் மடம் அமைத்துக் கிறித்துவ நெறியைப் பரப்பினார். 651ஆம் ஆண்டில் எய்டன் மறைந்த இரவு, மலையில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த கத்பர்ட் வானில் பேரொளி ஒன்றைக் கண்டார் என்பர். அதன்பின் அவர் மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார். பிறர் செல்லத் தயங்கிய மலைச் சிற்றூர்களுக்கு நடந்து சென்று, ஏழைகளோடு வாரக்கணக்கில் தங்கி அறம் போதித்தார்.

பின்னர், லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை நெறிப்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. புதிய ஒழுங்குமுறைகளைச் சிலர் ஏற்க மறுத்துக் கடுஞ்சொல் வீசினர். அவர் சினம் கொள்ளவில்லை. அமைதியாக எழுந்து சென்று, மறுநாள் அதே அறிவுரையை மீண்டும் கூறுவார். அவருடைய பொறுமையே இறுதியில் வென்றது.

தனிமைத் தவத்தை விரும்பிய கத்பர்ட், 676ஆம் ஆண்டில் ஃபார்ன் என்னும் ஆளற்ற தீவுக்குச் சென்றார். வானம் மட்டுமே தெரியும்படி உயர்ந்த சுவர் எழுப்பி, அதனுள் வாழ்ந்தார். விதைத்த கோதுமை முளைக்கவில்லை. மனம் தளராமல் வாற்கோதுமை விதைத்து அறுவடை செய்தார்.

அத்தனிமை நீடிக்கவில்லை. அவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தனர். கடிதங்களுக்கும் தூதர்களுக்கும் அவர் இணங்கவில்லை. முடிவில், மன்னர் எக்ஃப்ரித் தாமே படகேறி வந்து மண்டியிட்டு வேண்டினார். கத்பர்ட் கண்ணீருடன் தம் குடிலைவிட்டு வெளியேறினார். 685ஆம் ஆண்டில் ஆயரானார். கொள்ளைநோய் வாட்டிய ஊர்களுக்கு அஞ்சாமல் சென்றார். ஒரு மகனை இழந்து, நோயுற்ற மற்றொரு மகனைக் கையில் ஏந்தி அழுத தாயைக் கண்டு அருகில் சென்று, அக்குழந்தையை முத்தமிட்டு ஆறுதல் கூறினார்.

இரண்டாண்டுகளுக்குள் உடல் நலிந்தது. ஃபார்ன் தீவுக்குத் திரும்பிய அவர், 687 மார்ச் 20இல் மறைந்தார். அச்செய்தி இரண்டு தீப்பந்தங்களின் ஒளியால் லிண்டிஸ்ஃபார்னுக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது.

ஏறத்தாழ 700ஆம் ஆண்டில் அம்மடத்தில் உருவான வண்ண ஓவிய நற்செய்தி ஏடு, இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 793இல் வைக்கிங் கடற்கொள்ளையர் மடத்தைத் தாக்கினர். தாக்குதல்கள் தொடரவே, 875இல் துறவிகள் கத்பர்ட்டின் பேழையைச் சுமந்து வெளியேறினர். பல ஊர்கள் கடந்து, அது 995இல் டர்ஹம் நகரை அடைந்தது. அந்நகரின் துறவிகளே பின்னர் லிண்டிஸ்ஃபார்னில் ஆலயம் எழுப்பினர். 1537ஆம் ஆண்டளவில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட, ஆலயமும் பாழடைந்தது.

கற்சுவர்கள் சரிந்தாலும் கத்பர்ட்டின் புகழ் சரியவில்லை. தனிமையை நேசித்தும், துன்புற்றோர்க்காக அதைத் துறந்த அவரது தொண்டுள்ளம் என்றும் போற்றத்தக்கது.